கணீரும் பொத்தும்

குழியில் வெடிமருந்து இறக்கும் முன் அப்பா பாறையைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். "கணீர்னு வந்தா ஒரே கல்லுப்பா. பொத்துனு வந்தா உள்ளே வெடிப்பு ஓடுது." என்னையும் காதை வைக்கச் சொல்வார். வெயிலேறிய கருங்கல் காதைச் சுடும்.

மாலையில் நெற்றியில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவார். வெயில் தலைவலி என்று அம்மா சுக்கு அரைத்துப் பற்றுப் போடுவாள். தோட்டாவிலிருக்கும் நைட்ரோகிளிசரின் தோல் வழியே ஏறி ரத்தக் குழாய்களை விரிக்கும், அதனால்தான் அந்த வலி என்று நான் கல்லூரியில் படித்தபோது, அப்பா குவாரி வேலையை விட்டிருந்தார்.

அதே கல்லூரியில்தான் குஸ்-ராம் என்ற கணக்கு மாதிரியும் அறிமுகமானது. குஸ்னெட்சோவ் 1973இல் தந்த சமன்பாட்டை துண்டுகளின் அளவுகளைக் காட்டும் ரோசின்-ராம்லர் பரவலோடு இணைத்து கன்னிங்ஹாம் 1983இல் உருவாக்கியது. குழிகளின் இடைவெளி, மருந்தின் அளவு, அதன் வலு இவற்றைக் கொடுத்தால் கல் எந்த அளவில் உடையும் என்று கணினி சொல்லிவிடும். பாறையைப் பற்றி அது கேட்பது ஒரே எண். குஸ்னெட்சோவ் கணக்கில் நடுத்தரப் பாறைக்கு 7, விரிசல் மிகுந்த கடினப் பாறைக்கு 10, விரிசல் குறைந்ததற்கு 13.

முதல் வேலையில் நான் வெடிக்கவிருந்த மொத்தப் பாறை முகத்துக்கும் 10 போட்டேன். திரையில் வளைகோடு அழகாக வந்தது. மறுநாள் வெடித்தபோது இடப்பக்கம் கிரஷருக்கு ஏற்ற கல். வலப்பக்கம் மாட்டு வண்டி அளவுக்குப் பாறாங்கற்கள். அங்கே ஒரு திறந்த வெடிப்பு ஓடியது. அதிர்வலை கீறிவிட்ட பாறையை விரித்துத் தள்ள வேண்டிய வாயு, அந்த வெடிப்பின் வழியே வெளியேறிவிட்டது.

அன்று முழுக்க அப்பாவின் நினைவுதான். துளை போடும்போது கம்பி சட்டென்று இறங்கினால், எத்தனையாவது அடி என்று பீடிக் கட்டுத் தாளில் எழுதிவைப்பார். அந்த ஆழத்தில் மருந்து வைக்காமல் மண்ணைப் போட்டு நிரப்பிவிட்டு, அதற்கு மேலேதான் அடுத்த தோட்டா.

ஒரே எண்ணுக்குப் பதிலாக, பாறையைத் தனித்தனித் துண்டங்களாகவே கணக்கிடும் முறையைப் பீட்டர் கண்டால் 1971இலேயே முன்வைத்தார். அந்த வழியில் வந்த மென்பொருள்கள் வெடிப்புகளையும் கணக்கில் கொள்கின்றன. நான் அவற்றை நம்புகிறேன். ஆனால் வெடிப்பின் திசையையும் அகலத்தையும் யாராவது வெயிலில் நின்று அளந்து தந்தால்தான் அவற்றுக்குத் தெரியும்.

இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன்: எண்ணைப் போடும் முன் ஒரு சுத்தியலோடு முகத்துக்குப் போய் வாருங்கள். துளை போட்டவரிடம் கம்பி எங்கே இறங்கியது என்று கேளுங்கள்.