விட்பி யன்னலோரத் தக்காளி

மார்ச் வந்தும் விட்பியில ஏரிக்காத்து முகத்தில அறையுது. எங்கட யன்னலோரம் அம்மா போட்ட தக்காளி நாற்றுகள் மெலிஞ்சு நிக்குது. விக்டோரியா டே வரைக்கும் அதுகளை வெளியில நட ஏலாது. ஆனா கடையில ஒன்டாரியோ தக்காளி குவிஞ்சு கிடக்கு. "எப்பிடி அம்மா?" எண்டு மகள் கேட்டாள்.

401 நெடுஞ்சாலையில் மேற்கே நாலு மணித்தியாலத்துக்கு மேல் ஓடினால் லீமிங்டன். அந்தப் பக்கம் முழுக்கக் கண்ணாடி வீடுகள். குளிருக்கு அவற்றை இறுக்கிப் பூட்டுவதால், உள்ளேயிருக்கும் கார்பன் டை ஆக்சைட்டைச் செடிகள் வேகமாக உறிஞ்சிவிடும், வளர்ச்சி மந்தமாகும். வெளிக்காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 420 பங்கு இருக்கும் அந்த வாயுவை, உள்ளே பகலில் 800 முதல் 1,000 வரை கூட்டுவார்கள். சூடாக்கும் கொதிகலனில் எரிவாயு எரிந்து வருவதையே குழாய் வழியே செடிகளுக்கு விடுவதும் உண்டு. விளைச்சல் 20 சதவீதத்துக்கு மேலும் கூடலாம்.

நான் ஆங்கிலத்தில விளங்கப்படுத்த, அம்மா முழிச்சா. பிறகு, "ஓ, காபனீரொட்சைட்டோ! ஒளித்தொகுப்பு, நாங்கள் பள்ளிக்கூடத்தில படிச்சதுதானே" எண்டு சிரிச்சா. எனக்குத்தான் அந்தச் சொல் புதுசு.

"அப்ப அது பூமிக்குக் கூடாது எண்டு டீச்சர் சொன்னது பிழையா, அம்மம்மா?"

"பிழையில்லை பிள்ளை. கண்ணாடி வீட்டுக்குள்ள தண்ணி, சூடு எல்லாம் அளந்து குடுக்கினம். வெளியில ஆர் அளக்கிறது? கூடினால் பூமி சூடாகி, மழையும் வெயிலும் குழம்பும்."

"எங்கட நாற்றுக்கும் வாயு விடுவமா?"

"நாங்கள் விடுற மூச்சே போதும். அதுக்குக் குறை வெளிச்சம்தான்."

அண்டைக்கே மூண்டு பேருமாய்ச் சேர்ந்து நாற்றுகளுக்கு மேல ஒரு விளக்குக் கட்டினோம்.