படித்தது சரிதானா?

பழைய ஃப்ளாப்பிகளிலிருந்து தரவை எடுப்பவர்களின் வேலை கணினியில் தொடங்குவதில்லை. தட்டில் தவறுதலாக எதுவும் எழுதிவிடாதபடி முதலில் மூலையிலுள்ள தடுப்பை நகர்த்தி வைக்கிறார்கள். பிறகு உலோக மூடியை விலக்கி, பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்கிறார்கள். இருந்தால் ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, உலர்ந்த பிறகே டிரைவில் செருகுவார்கள். ஒரு தட்டின் அழுக்கு டிரைவின் தலையில் ஒட்டிக்கொண்டால், அடுத்து வரும் நல்ல தட்டுகளும் கீறிப்போகும். இத்தனை கவனத்துக்குப் பிறகும் தொழிலின் கடினமான பாதி மிச்சமிருக்கிறது: படித்தது சரிதான் என்று நிறுவ வேண்டும்.

1.44 எம்பி ஃப்ளாப்பியில் 2 பக்கம், பக்கத்துக்கு 80 டிராக், டிராக்குக்கு 18 செக்டர், செக்டருக்கு 512 பைட். ஒவ்வொரு செக்டருடனும் 16 பிட் சரிபார்ப்பு எண் உண்டு. தாறுமாறாகக் கெட்ட தரவும் தற்செயலாக அதில் தேறிவிட 65,536-ல் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அதனால் கிரீஸ்வீசில், கிரையோஃப்ளக்ஸ் போன்ற கருவிகளைக் கொண்டு, பைட்டுகளுக்கும் அடியிலுள்ள காந்தத் திசைமாற்றங்களின் கால இடைவெளிகளையே பதிகிறார்கள். ஒரே டிராக்கைப் பல சுற்றுகள் படித்து ஒப்பிட்டால், சுற்றுக்குச் சுற்று மாறும் இடம் கண்ணில் படும். அது சிதைவாக இருக்கலாம். காப்பி எடுப்பதைத் தடுக்க மென்பொருள் நிறுவனமே வேண்டுமென்று வைத்த பலவீனமான பிட்டாகவும் இருக்கலாம். சாதாரண காப்பியில் இந்த வேறுபாடு தடயமின்றி மறைந்துபோகும்.

1985-ல் அமிகா கணினியின் அறிமுக விழா மேடையில் பாடகி டெபி ஹாரியின் உருவத்தை வரைந்து காட்டியவர் ஆண்டி வார்ஹோல். அவருடைய அமிகா ஃப்ளாப்பிகள் பிட்ஸ்பர்க்கிலுள்ள வார்ஹோல் அருங்காட்சியகத்தில் இருந்தன. டிராக்குக்கு 11 செக்டராக அமிகா எழுதும் முறை சாதாரண பிசியின் ஃப்ளாப்பிக் கட்டுப்பாட்டுச் சில்லுக்குப் பிடிபடாது. கார்னகி மெலன் பல்கலைக்கழகக் கணினி மன்றத்தினர் கிரையோஃப்ளக்ஸ் கொண்டு அவற்றைப் படித்தார்கள். தரவு கைக்கு வந்தும் படங்கள் திறக்கவில்லை. வெளியீட்டுக்கு முந்தைய மென்பொருளில் சேமித்த, யாருக்கும் தெரியாத கோப்பு வடிவம் அது. அதை அலசிப் பிரித்த பிறகுதான், 2014-ல், 28 படங்கள் உலகுக்குத் தெரிந்தன. மூலப் பதிவு பத்திரமாக இருந்தால் புரிந்துகொள்ளும் முயற்சி எத்தனை முறை தோற்றாலும் தட்டை மறுபடி சுழற்றித் தேய்க்க வேண்டியதில்லை. காந்தப் பதிவை முதலில் எடு, பொருள் பிறகு தேடு என்ற வரிசையை நான் வலியுறுத்துவது இதனால்தான்.

இந்தப் பதிவு கோப்பைவிடப் பல மடங்கு பெரிதாயிற்றே என்பார்கள். இன்றைய சேமிப்புச் செலவோடு பார்த்தால் அது அற்பம். உதிர்ந்துபோன காந்தப் பூச்சைத்தான் எந்த விலைக்கும் வாங்க முடியாது. ஹேஷ் எண் போட்டு வைத்தால் போதாதா என்ற கேள்வி இன்னும் வலுவானது. ஆனால், காப்பி எடுத்த நாளிலிருந்து அது மாறவில்லை என்பதற்கு மட்டுமே ஹேஷ் சாட்சி. அன்றே தவறாகப் படித்திருந்தால் அந்தத் தவறையும் அது அப்படியே காத்துநிற்கும். ஆகவே எந்த டிரைவில், எத்தனை சுற்றுகள் படித்தார்கள், எந்த செக்டர் தேறவில்லை என்ற குறிப்பும் பதிவோடு சேர்ந்தே இருக்க வேண்டும். தேறாத செக்டரைப் பூஜ்யங்களால் நிரப்பிவிட்டு அதைச் சொல்லாமல் விடுவது, பின்னால் வரும் ஆய்வாளரை ஏமாற்றுவதற்குச் சமம்.