முதல் தெரிவு யாருக்கு?

கடலாடியிலிருந்து சாயல்குடி போகிற வழியில், சீமைக்கருவேலங்காட்டை ஒட்டி நான் பார்த்த நாய்ப்பட்டிகளில் இணை சேர்க்கையில் காசு பெரும்பாலும் நடுவே வருவதில்லை. கடுவன் வைத்திருப்பவர் கிராஸ் போட்டுக் கொடுப்பார். பெட்டை ஈன்றதும் ஒரு குட்டி அவருக்கு, அதுவும் முதல் தெரிவு. பெட்டையையே வளர்ப்புக்கு விட்டு ஈத்தில் பங்கு கேட்பதும் உண்டு, ஆட்டை வாரத்துக்கு விடுவதுபோல. எல்லாம் வாய்ப்பேச்சு.

நான் தேடிப்போனவர் மட்டும் நோட்டுப்புத்தகம் வைத்திருந்தார். பட்டியில் பெரிய தலையும் அகன்ற நெஞ்சுமாக மண்டை நாய்கள். இந்த ராமநாதபுரத்துச் சீமையின் சொந்தச் சரக்கு. மறுபக்கம் ஒட்டிய வயிற்றோடு இரண்டு சிப்பிப்பாறை.

“எழுதி வாங்குனா நம்பிக்கை இல்லைன்னு அர்த்தமாயிரும்ணே. எங்க மாமாவே ஒரு வருசம் பேசல” என்றார்.

மாமாவிடம்தான் வம்பு தொடங்கியிருக்கிறது. கடுவன் மாமாவுடையது. பெட்டை ஈன்றதில் ஒரு குட்டிதான் தேறியது. முதல் தெரிவு என்று மாமா அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அறுபத்துச் சொச்சம் நாள் பெட்டைக்குக் கறியும் முட்டையும் போட்டவருக்கு மிச்சம் ஒன்றுமில்லை. பேசியது என்னவோ பேசியதுதான். ஒற்றைக் குட்டி பிழைத்தால் என்ன என்று மட்டும் யாரும் பேசவில்லை.

இப்போது நோட்டில் முதல் வரியே அதுதான்: “மூன்று குட்டிக்குக் கீழே தேறினால் பங்கு கிடையாது, கிராஸ் கூலி மட்டும்.” அடுத்து, இணை சேர்ந்த இரண்டு தேதிகள். அதற்குக் கீழே பார்வோ என்கிற வைரஸ் நோய். வாங்கிப்போன ஏழு நாளுக்குள் கழிச்சல் கண்டால் வைத்தியச் செலவு இவருடையது, பிறகு என்றால் வாங்கியவருடையது. இதில் கணக்கு இருக்கிறது. பார்வோ தொற்றிய குட்டி பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் படுத்துவிடும். அதனால் நோய் எந்த வீட்டில் ஒட்டியது என்பதை ஓரளவு சொல்லிவிடலாம்.

சட்டம் இவருக்குப் பகையில்லை. 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டம் வாய்ப்பேச்சையும் ஒப்பந்தமாகவே ஏற்கிறது. நிரூபிப்பதுதான் பாடு. 2017-இல் வந்த நாய் இனப்பெருக்க விதிகளோ ஏடு வைக்கவே சொல்கின்றன; கூடவே மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு, பெட்டைக்குப் பதினெட்டு மாதம் நிறைந்திருக்க வேண்டும், வருடத்துக்கு ஓர் ஈத்து, ஆயுளில் ஐந்துக்கு மேல் கூடாது, எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. ஊரில் முப்பது நாளிலேயே குட்டியைக் கேட்டு வாசலில் நிற்கிறார்கள். “எட்டு வாரம்னு நோட்டுல கெடக்கு பாருங்கன்னு காட்டிருவேன். நான் சொன்னா கேக்க மாட்டாங்க, எழுத்து சொன்னா கேப்பாங்க.”

பழக்கிக் கொடுக்கும் வேலையில்தான் எழுத்து இன்னும் தேவை என்று எனக்குத் தோன்றியது. தோப்புக் காவலுக்கு நாயைப் பழக்க மாதக் கணக்கில் இங்கே விட்டுப் போகிறார்கள். நாய் நன்றாகவே படிகிறது, பழக்கியவருக்கு. வீட்டுக்குப் போனதும் உரிமையாளர் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கொடுத்த பணத்தைக் கேட்டு வந்துவிடுகிறார்கள். அதனால் ஒரு வரி: “கடைசி வாரம் உடையவர் தினமும் வந்து, தானே கூப்பிட்டு, தானே சோறு வைக்க வேண்டும். வராவிட்டால் நான் பொறுப்பில்லை.” தேர்ந்த வக்கீல்கூட இதை யோசித்திருக்க மாட்டார்.

சிப்பிப்பாறை வாங்க வருகிறவர்கள் முயல் பிடிக்குமா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். வேட்டை 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வேட்டைக்கு விடமாட்டேன் என்று கையெழுத்து வாங்குகிறார். அந்தக் கையெழுத்து காட்டுக்குள் யாரையும் தடுக்கும் என்று நான் நம்பவில்லை, அவரும் நம்பவில்லை.

ஈத்து நின்ற பெட்டையை வளர்க்க முடியாமல் போனால், வாங்கியவர் திருப்பிக் கொண்டுவந்து விட வேண்டும் என்றும் எழுதலாமே என்றேன்.

“அத எழுதுனா ஒருத்தனும் குட்டி வாங்க மாட்டாண்ணே.”

எழுதாமலே இரண்டு பேர் கொண்டுவந்து விட்டுப் போயிருக்கிறார்கள். அவற்றுக்கும் சேர்த்துத்தான் உலையில் அரிசி போடுகிறார்.