ஆசான் இருக்கும் இடம்

பன்னிரண்டாம் வகுப்பில் என் தோழியர் பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் விண்ணப்பித்துக்கொண்டிருந்தபோது, நான் பியானோ கற்பிக்கும் கல்லூரியைத் தேடிக்கொண்டிருந்தேன். இரயில்வேயில் பணியாற்றிய என் தந்தைக்கு மாற்றல் வந்ததால் நாங்கள் கொல்கத்தாவில் குடியேறியிருந்தோம். மேலை இசையை நெடுங்காலமாகப் போற்றிவரும் நகரம் அது. கல்கத்தா இசைப்பள்ளி அங்கு 1915-ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. எங்கள் குடியிருப்புக்கு அருகில் வாழ்ந்த முதிய அம்மையார் ஒருவரிடம் ஏழு ஆண்டுகள் பியானோ பயின்றேன்.

பியானோவுக்கு 88 கட்டைகள் உண்டு. எங்கள் வீட்டிலோ 61 கட்டைகள் கொண்ட கீபோர்டுதான் இருந்தது. எஞ்சிய 27 கட்டைகளுக்காக அதன் இருபுறமும் மேசைப் பலகையைத் தட்டிப் பயிற்சி செய்வேன். அங்கே ஒலி எழாது. மனத்தில் மட்டும் கேட்கும். அந்த ஒலியைக் காதால் கேட்கவேண்டும் என்ற வேட்கையே என்னைக் கல்லூரி தேடத் தூண்டியது.

ஒரு குறிப்பேட்டில் பட்டியல் தயாரித்தேன். கல்லூரியின் பெயருக்கு எதிரே புகழ், கட்டணம், தொலைவு என மூன்று கட்டங்கள் வரைந்தேன். 1822-இல் தொடங்கப்பட்ட இலண்டன் இராயல் இசைக்கழகமும், 1905-இல் தோன்றிய நியூயார்க் ஜூலியார்டு பள்ளியும் பட்டியலின் முன்வரிசையில் இடம்பெற்றன. பிலடெல்பியாவின் கர்டிஸ் இசைக்கழகம் 1928 முதல் மாணவரிடம் பயிற்சிக் கட்டணமே பெறுவதில்லை என்று அறிந்து வியந்தேன். ஆயினும், அங்கு மிகச் சிலருக்கே இடம் கிடைக்கும் என்பதையும் அறிந்தேன். இசையமைப்பாளர் ஏ.ஆர். ரகுமான் 2008-இல் சென்னையில் நிறுவிய கே.எம். இசைக் கல்லூரியைப் பட்டியலின் கடைசியில் எழுதினேன்.

என் ஆசிரியை மூக்குக்கண்ணாடியை அணிந்துகொண்டு பட்டியலைப் பொறுமையாகப் படித்தார். "எல்லாம் சரி. உனக்குக் கற்பிக்கப் போகிறவர் யார்? அதற்கு ஏன் ஒரு கட்டம் இல்லை?" என்று கேட்டார். என்னால் விடை கூற இயலவில்லை.

அவர் பொறுமையாக விளக்கினார். வரலாற்றையோ கணிதத்தையோ ஓர் ஆசிரியர் ஐம்பது பேருக்கு ஒரே நேரத்தில் கற்பிக்கலாம். பியானோ அவ்வாறன்று. வாரத்துக்கு ஒருமுறை, ஏறத்தாழ ஒரு மணி நேரம், ஆசிரியரும் மாணவரும் மட்டும் அமர்ந்து பயில்வர். பெரும்பாலும் படிப்பு முடியும்வரை அதே ஆசிரியர்தாம். ஆகவே, நாம் தேர்ந்தெடுப்பது கட்டடத்தையன்று, மனிதரை. பயிற்சி அறைகள் எத்தனை, அவை இரவு எத்தனை மணிவரை திறந்திருக்கும், பிற கருவியாளருடன் சேர்ந்து இசைக்க வாய்ப்பு உண்டா என்பவற்றையும் கேட்டறியச் சொன்னார். அமெரிக்காவில் இசை இளங்கலைப் பட்டத்தில் பாடங்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு இசையாகவே இருக்கும். கலை இளங்கலைப் பட்டத்தில் இசை மூன்றில் ஒரு பங்கு அளவே அமையும். மேடைக் கலைஞராக விரும்புபவருக்கும், இசையோடு வேறொரு துறையையும் பயில விரும்புபவருக்கும் ஒரே வழி பொருந்தாது என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

நுழைவுத் தேர்வுக்கு பாக்கின் இசைப்படைப்பு ஒன்று, பேத்தோவனின் சொனாட்டாவில் ஒரு பகுதி, சோப்பினின் பயிற்சிப் படைப்பு ஒன்று, இருபதாம் நூற்றாண்டுப் படைப்பு ஒன்று என நான்கைத் தயாரித்தேன். ஏட்டைப் பாராமல் இசைத்து, இடையில் வெட்டாமல் ஒளிப்பதிவு செய்து அனுப்பவேண்டும். மழைக்கால ஈரத்தில் மரம் ஊதி, ஆசிரியையின் பியானோவில் இரு கட்டைகள் அழுத்தியபின் எழாமல் நின்றன. வெயில் வரும்வரை பன்னிரண்டு நாள் காத்திருந்தோம்.

வசந்தத்தில் அமெரிக்கக் கல்லூரி ஒன்று எனக்கு இடமளித்தது. கட்டணத்தில் பாதியை அக்கல்லூரி தள்ளுபடி செய்தது. மறுபாதிக்கு, அம்பாசமுத்திரத்துக்கு அருகில் பாட்டனார் விட்டுச்சென்ற நன்செய் நிலத்தை விற்கவேண்டும். "நிலம் போனால் போகட்டும், அம்மா. உன் விருப்பத்தைச் சொல்" என்றார் தந்தை. அன்றிரவு அவர் வெகுநேரம் திண்ணையில் அமர்ந்திருந்ததை நான் கண்டேன்.

ஆசிரியையின் கேள்வி நினைவுக்கு வந்தது. எனக்குக் கற்பிப்பவர் யார் என்று அக்கல்லூரிக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டேன். விளம்பர ஏட்டில் படம் இடம்பெற்ற பேராசிரியர் முதுகலை மாணவர்களையே ஏற்கிறார் என்றும், முதல் இரண்டு ஆண்டுகள் அவருடைய மாணவர் ஒருவர் எனக்குக் கற்பிப்பார் என்றும் விடை வந்தது. அவர்கள் உண்மையை மறைக்கவில்லை. நான்தான் முன்பே கேட்கவில்லை.

தேர்வு விடுமுறையில் ஊருக்குச் செல்லும் வழியில் சென்னையில் இறங்கி, ஓர் ஆசிரியரிடம் மாதிரி வகுப்புக்குச் சென்றேன். பேத்தோவனை முழுவதும் இசைத்துக் காட்டலாம் என்று எண்ணியிருந்தேன். அவர் நான்காவது வரியிலேயே நிறுத்தினார். என் மணிக்கட்டைத் தம் விரலால் மெல்ல உயர்த்தி, "இப்போது வாசி" என்றார். நாற்பது நிமிடங்கள் அந்த நான்கு வரிகளையே இசைத்தோம். மேசைப் பலகையைத் தட்டிப் பழகிய என் கைகள் இறுகிப்போயிருந்ததை அதுவரை எவரும் எனக்கு உணர்த்தியதில்லை. வெளியே வந்ததும் தந்தையிடம், "நிலத்தை விற்க வேண்டாம், அப்பா" என்றேன்.

சென்னையிலேயே பயின்றேன். பெரிய இசையரங்குகளையும் பன்னாட்டு மாணவர்களையும் நான் இழந்தேன் என்பது உண்மைதான். அவ்விழப்பு இன்றும் சில வேளைகளில் மனத்தை உறுத்துகிறது. தனக்குரிய ஆசான் கடல் கடந்து இருப்பாரானால் ஒருவர் கடல் கடப்பதே முறை. என் ஆசான் சென்னையில் இருந்தார்.

இன்று என்னிடம் பயிலும் சிறுமியர் கல்லூரிப் பட்டியலோடு வருகின்றனர். புகழ், கட்டணம், தொலைவு என்ற கட்டங்கள் அவற்றிலும் உள்ளன. நான் எழுதுகோலை எடுத்து, நான்காவதாக ஒரு கட்டத்தை வரைந்து கொடுக்கிறேன்.