நீலக் கோழிக்கு ஒரு கணக்கு... கேம்பிரிட்ஜ் பக்கத்துக் கிராமத்தில் ஒரு நடை!

கேம்பிரிட்ஜுக்குச் சுற்றுலா போகிறவர்கள் கிங்ஸ் கல்லூரி தேவாலயத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். நீளக் கழியை ஆற்றில் ஊன்றித் தள்ளும் படகில் ஒரு சுற்று வருவார்கள். டிரினிட்டி கல்லூரி வாசலில் செல்ஃபி எடுப்பார்கள். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் என்றால், ராமானுஜன் நடந்த இடமாச்சே என்று கூடுதலாக ஒரு நிமிடம் நிற்பார்கள்.

கோழிக்காக கேம்பிரிட்ஜ் போகிறவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். ஆனால், பள்ளி அறிவியல் புத்தகத்தில் நான்கு கட்டம் போட்டு, அப்பா அம்மா குணங்களை ஓரத்தில் எழுதி, பிள்ளை எப்படிப் பிறக்கும் என்று கண்டுபிடித்தோமே, ‘புன்னட் கட்டம்’... அந்தப் புன்னட் கேம்பிரிட்ஜில் கோழி வளர்த்துக் கணக்குப் போட்டவர். அவரும் அவருடைய ஆசானும் கோழிகளோடு மல்லுக்கட்டிய கிராமம், ஊரிலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் இருக்கிறது. பெயர் கிராண்ட்செஸ்டர்.

ஆற்றோரம் 3 கிலோமீட்டர்

நகரின் தென்மேற்கில் நியூனம் பகுதியில் நடைபாதை தொடங்குகிறது. ஒரு பக்கம் கேம் ஆறு, இன்னொரு பக்கம் மாடு மேயும் புல்வெளி. சுமார் 3 கிலோமீட்டர். மெதுவாக நடந்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் கிராமம் வந்துவிடும். பழைய தேவாலயம், சில மதுக்கூடங்கள், ஆப்பிள் மரத்தடியில் நாற்காலி போட்டு டீ கொடுக்கும் ‘ஆர்ச்சர்ட்’ தோட்டம். அந்தப் பழத்தோட்டம் 1868-ல் வைத்தது. கவிஞர் ரூபர்ட் புரூக் தங்கியிருந்த ஊர் என்பதால் இலக்கியப் பிரியர்கள் வருகிறார்கள். ஊர் பெயரிலேயே வந்த டி.வி. தொடரைப் பார்த்துவிட்டு வருகிறவர்களும் உண்டு.

இதே ஊரில் மெர்ட்டன் ஹவுஸ் என்ற வீட்டில் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்லியம் பேட்சன் குடியிருந்தார். மெண்டல் பட்டாணிச் செடியில் கண்ட விதிகளை உலகம் 1900-ல்தான் மறுபடி கண்டெடுத்தது. ‘செடிக்குச் சரி, உயிருள்ள பிராணிக்கும் அது பொருந்துமா?’ என்ற கேள்விக்கு 1902-ல் கோழிக் கொண்டையை வைத்துப் பதில் சொன்னவர் பேட்சன். ‘ஜெனடிக்ஸ்’ என்ற சொல்லை இந்தத் துறைக்குச் சூட்டியவரும் அவர்தான். அந்தச் சொல் இடம்பெற்ற 1905-ம் வருடக் கடிதம் இந்த வீட்டு முகவரியிலிருந்து போனது.

தூக்கிப் போட்டதில்தான் விடை

கொண்டையை விடச் சுவாரஸ்யமானது இறகு நிறம். அதிலும் அந்தலூசியன் நீலக் கோழி. தெற்கு ஸ்பெயினின் பெயரைச் சுமந்தாலும், இதைக் கண்காட்சிப் பறவையாக மெருகேற்றியவர்கள் ஆங்கிலேயர்கள். நீலம் என்றால் மயில் நீலம் இல்லை. மழைக்கு முன் திரளும் மேகத்தின் நிறம், ஒவ்வோர் இறகிலும் கறுப்பாக ஒரு கரை. நம்மூர்ச் சேவல்காரர்கள் கீரி, காகம், மயில் என்று நிறத்துக்குப் பெயர் வைத்திருப்பதுபோல, அங்கும் நிறம் என்றால் உயிர்.

இந்தக் கோழியை வளர்த்தவர்களுக்கு ஒரு தீராத தலைவலி இருந்தது. நல்ல நீலச் சேவலையும் நல்ல நீலப் பெட்டையையும் சேர்த்து அடைவைத்தால், குஞ்சுகளில் பாதிதான் நீலம். கால் பங்கு முழுக் கறுப்பு. மீதிக் கால் பங்கு அழுக்கு வெள்ளையில் மை தெளித்த மாதிரி. ‘எங்கேயோ ரத்தம் கெட்டிருக்கிறது’ என்று நினைத்து, கறுப்பையும் வெள்ளையையும் கழித்துவிட்டு, நீலத்தை மட்டும் வைத்து மறுபடி இனம் சேர்த்தார்கள். மறுபடியும் பாதிதான் நீலம். எத்தனை தலைமுறை கழித்தும் அதே கதை.

பேட்சனும் புன்னட்டும் எண்ணிப் பார்த்தபோது விஷயம் வெளிச்சமானது. நீலம் என்று தனியாக ஒரு நிறமே இல்லை! கறுப்பைக் கலைத்து வெளிறச் செய்யும் காரணி ஒன்று இருக்கிறது. அது தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் தெளித்த வெள்ளை. ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் நீலம். யாரிடமிருந்தும் வராவிட்டால் கறுப்பு. பாடப்புத்தகத்தில் சிவப்பு அந்திமந்தாரையும் வெள்ளை அந்திமந்தாரையும் சேர்ந்து ரோஸ் நிறத்தில் பூக்குமே, அதே கணக்கு.

கட்டத்தை நீங்களே போட்டுப் பாருங்கள். நீலத்தோடு நீலம் சேர்ந்தால், 16 குஞ்சுக்குச் சராசரியாக 4 கறுப்பு, 8 நீலம், 4 வெள்ளை. எந்தக் கொம்பன் வளர்த்தாலும் இதைத் தாண்ட முடியாது. ஆனால் கறுப்புச் சேவலையும் தெளித்த வெள்ளைப் பெட்டையையும் சேர்த்தால்? 16-ம் நீலம். வளர்ப்பவர்கள் இத்தனை காலம் ‘கெட்டது’ என்று கழித்துத் தள்ளிய இரண்டையும் ஜோடி சேர்ப்பதுதான் முழு நீலத்துக்கு ஒரே வழி. இதைக் கேட்ட பழைய கோழிக்காரர் ஒருவர் எப்படி முழித்திருப்பார் என்று கற்பனை செய்யாமல் இருக்க முடியவில்லை.

பட்டம் கிடைக்காத பட்டாளம்

நடைபாதை தொடங்கும் பகுதியில்தான் நியூனம் பெண்கள் கல்லூரி இருக்கிறது. பேட்சனின் ஆய்வுக்கு முதுகெலும்பாக இருந்தவர்களில் பலர் அந்தக் கல்லூரியைச் சேர்ந்த பெண்கள். 1902 அறிக்கையில் பேட்சனோடு பெயர் போட்ட எடித் ரெபெக்கா சாண்டர்ஸ், பூ நிறத்தை ஆராய்ந்த மியூரியல் வெல்டேல், எலி ரோமத்தின் நிறத்தை ஆராய்ந்த புளோரன்ஸ் டரம் என்று பட்டியல் நீளம். பேட்சனின் மனைவி பியாட்ரிஸும் கூடவே வேலை பார்த்தார். இவர்களுக்குத் தேர்வு எழுத அனுமதி உண்டு, பட்டம் கிடையாது. பெண்களுக்கு முழுமையாகப் பட்டம் கொடுக்க கேம்பிரிட்ஜ் முன்வந்தது 1948-ல்! சாண்டர்ஸ் 1945-லேயே சைக்கிள் விபத்தில் இறந்துவிட்டார். புன்னட் பெயரில் கட்டம் இருக்கிறது. சாண்டர்ஸ் பெயர் எத்தனை பாடப்புத்தகங்களில் இருக்கிறது?

ஹார்டியிடம் போன சந்தேகம்

1908-ல் புன்னட்டுக்கு ஒரு சிக்கல். ‘ஓங்கு பண்பு என்று ஒன்று இருந்தால், நாளாக ஆக எல்லோரிடமும் அதுதானே மிஞ்ச வேண்டும்?’ என்ற சந்தேகத்துக்கு அவரால் பதில் சொல்ல முடியவில்லை. தன்னோடு கிரிக்கெட் ஆடும் நண்பரிடம் போனார். அந்த நண்பர், ஜி.எச்.ஹார்டி. ஆமாம், ஐந்து வருடம் கழித்து மெட்ராஸிலிருந்து ராமானுஜன் கடிதம் எழுதினாரே, அதே ஹார்டிதான்!

அவருக்கு இது சின்னக் கணக்கு. யாரும் தேர்ந்தெடுக்காமல், தன்போக்கில் இனம் பெருகினால் விகிதம் மாறாது என்று ‘சயின்ஸ்’ இதழுக்கு ஒரு சிறு கடிதம் எழுதிவிட்டார். நீலக் கோழிப் பண்ணையைத் திறந்துவிட்டாலும் அதேதான். ஒரு பங்கு கறுப்பு, இரண்டு பங்கு நீலம், ஒரு பங்கு வெள்ளை, தலைமுறை தலைமுறையாக. இன்று ‘ஹார்டி வெய்ன்பெர்க்’ என்று மாணவர்கள் மனப்பாடம் செய்வது இதைத்தான்.

நிறம் சொல்லும் ஆணா, பெண்ணா

முதல் உலகப் போரில் பிரிட்டனில் தீவனத் தட்டுப்பாடு. முட்டைக்காக வளர்க்கும் இடத்தில் சேவல் குஞ்சுக்கு வாரக்கணக்கில் தீனி போட்டுக் கட்டுப்படியாகுமா? பொரித்த அன்றே பிரிக்கப் புன்னட் ஒரு வழி சொன்னார்.

கோழியில் சேவலுக்கு இரண்டு இஸட் குரோமோசோம், பெட்டைக்கு ஒன்றுதான். வெள்ளி நிறமும் பொன்னிறமும் அந்த இஸட்டில்தான் இருக்கின்றன. வெள்ளி, ஓங்கு நிறம். பொன்னிறச் சேவலையும் வெள்ளிப் பெட்டையையும் சேர்த்தால், மகளுக்கு அப்பாவின் இஸட் மட்டும் போகும், அதனால் பொன்னிறம். மகனுக்கு அம்மாவின் வெள்ளியும் சேர்ந்து போகும், அதனால் வெளிறிய நிறம். பெட்டியைத் திறந்து பார்த்தாலே போதும். பிறகு 1930-ஐ ஒட்டி, புன்னட்டும் மைக்கேல் பீஸும் கேம்பிரிட்ஜிலேயே ‘கேம்பார்’ என்ற இனத்தை உருவாக்கினார்கள். அதில் கலப்பே வேண்டாம், தலைமுறைதோறும் குஞ்சின் நிறமே ஆண், பெண் சொல்லிவிடும்.

பிரித்த சேவல் குஞ்சுகள் என்ன ஆகும் என்பது இந்தக் கதையின் கசப்பான பக்கம். முட்டை ரகச் சேவலுக்குக் கறியும் அதிகம் வைக்காது. அதனால் உலகின் பல பொரிப்பகங்களில் அவை முதல் நாளே கொல்லப்படுகின்றன. நம்மூரில் பச்சை, பிங்க் சாயம் பூசி, கூடையில் வைத்துத் தெருவில் விற்கிறார்களே கலர் குஞ்சு, அவற்றில் பெரும்பாலானவை இப்படிக் கழிக்கப்பட்ட சேவல்கள்தான். குழந்தை ஆசைப்பட்டதே என்று வாங்கி வந்த குஞ்சு சில நாளில் செத்துப்போய், வீடே அழுத அனுபவம் பலருக்கு இருக்கும்.

ஜெர்மனி 2022 ஜனவரி முதல் சேவல் குஞ்சுகளைக் கொல்வதைச் சட்டப்படி தடை செய்துவிட்டது. குஞ்சாக வருவதற்கு முன்பே முட்டையில் பிரிக்கிறார்கள். அதற்கான முறைகளில் ஒன்று, பழுப்பு முட்டையிடும் ரகங்களில் 13-ம் நாள் ஓட்டின் மீது ஒளியைப் பாய்ச்சி, உள்ளே முளைத்துக்கொண்டிருக்கும் இறகு பொன்னிறமா, வெள்ளையா என்று கருவி பார்ப்பது. போர்க்காலத்தில் புன்னட் சொன்ன அதே பொன்னும் வெள்ளியும்தான், ஓடு உடையும் முன்பே.