சூரியன் வீட்டில் இருட்டு

ஒடிசாவின் கொனாரக்கில் காலை வெயில் முதலில் நாட்டிய மண்டபத்தின் தூண்களைத் தொடுகிறது. பிறகு அதற்குப் பின்னால் உயர்ந்து நிற்கும் ஜகமோகனம் என்ற பெரிய மண்டபத்தின் கிழக்கு வாசலில் போய் விழுகிறது. அதற்கு மேல் அது போக வழியில்லை. வாசல் அடைக்கப்பட்டிருக்கிறது. உள்ளே மணல். ஒளிக் கடவுளுக்குக் கட்டிய மண்டபத்துக்குள் நூறாண்டுக்கும் மேலாக வெளிச்சம் நுழையவில்லை.

கீழைக் கங்க மன்னன் முதலாம் நரசிம்மதேவன் 13-ம் நூற்றாண்டின் நடுவில் கட்டிய கோயில் இது. கோயில் முழுவதையும் ஒரே தேராக நினைத்துச் செதுக்கியிருக்கிறார்கள். 24 சக்கரங்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய மூன்று மீட்டர் விட்டம். இழுப்பதற்கு ஏழு குதிரைகள். ஆரக்கால்களின் நிழலை வைத்து நேரம் சொல்லிக் காட்டி, பயணிகளை அசத்துவது வழிகாட்டிகளின் வழக்கம்.

சூரியனைத் தேரில் ஏற்றியது இந்தியா மட்டுமல்ல. கிரேக்கர்களின் ஹீலியோஸ் நான்கு குதிரை பூட்டிய தேரில் வானத்தைக் கடக்கிறான். வட ஐரோப்பியர்களுக்குச் சூரியன் பெண். ஓநாய் துரத்த, இரண்டு குதிரைத் தேரில் ஓடிக்கொண்டிருப்பவள். நைல் நதியை நம்பி வாழ்ந்த எகிப்தியர்கள் மட்டும் தங்கள் 'ரா'வுக்குப் படகு கொடுத்தார்கள்.

இந்தியச் சூரியனுக்கு வெளிநாட்டு வாடையும் உண்டு. கொனாரக் கருவறையின் வெளிச்சுவர்களில் பச்சை சாயல் கொண்ட கருங்கல்லில் மூன்று சூரியர்கள். கால்களைப் பார்த்தால் முழங்கால்வரை பூட்ஸ்! தமிழ்நாட்டுக் கோயில்களில் வெறுங்காலுடன் நிற்கும் சூரியனைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். சூரியன் சிலைக்கு வடதிசையாரின் உடை வேண்டும் என்று வராகமிகிரர் 6-ம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். தொழுநோய் தீர்ந்த கண்ணன் மகன் சாம்பன், சூரியனுக்குப் பூசை செய்யச் சாகத்தீவிலிருந்து 'மகர்'களை அழைத்து வந்தான் என்கின்றன புராணங்கள். ஈரானிய ஒளித் தெய்வ வழிபாட்டின் தடம் அது என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

எங்கிருந்தோ வந்தவருக்கு எழுப்பிய வீடு நிலைக்கவில்லை. சுமார் 70 மீட்டர் உயரம் இருந்ததாகக் கணிக்கப்படும் கருவறைக் கோபுரம் சரிந்தது. மிஞ்சி நின்ற பகுதியும் 1848-ல் விழுந்தது. தேரோட்டி அருணனின் தூணை 18-ம் நூற்றாண்டிலேயே மராட்டியர்கள் பூரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இப்போது அது ஜகந்நாதர் கோயில் சிங்க வாசல் முன் நிற்கிறது. மூலவரும் இல்லை. கூரை இழந்த கருவறையில் வெறும் பீடம் மட்டும் வெயில் காய்கிறது.

ஜகமோகனமும் விழுந்துவிடுமோ என்று பயந்த பிரிட்டிஷ் அரசு அதற்குள் மணலைக் கொட்டி நிரப்பி வாசல்களை மூடியது. வங்காளத்தின் லெப்டினன்ட் கவர்னர் போர்டிலன் உத்தரவுப்படி 1903-ல் இது செய்யப்பட்டதாகச் சுவரில் கல்வெட்டு சொல்கிறது. அன்று அது முரட்டு வைத்தியம்தான். ஆனால் நோயாளி பிழைத்தார். 1984-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் கொனாரக் சேர்ந்தபோது சேர்த்துக்கொள்ள ஒரு மண்டபம் மிஞ்சியிருந்ததற்கு அந்த மணலும் காரணம்.

இப்போது மருந்தே சந்தேகத்துக்கு உள்ளாகியிருக்கிறது. மணல் கீழே அமுங்கி, மேலே இடைவெளி விழுந்திருப்பது ஆய்வில் தெரிந்தது. ஈர மணல் கல்லை உள்ளிருந்தே கெடுக்கும் என்பது ஒரு கவலை. நூறாண்டாக மணலில் சாய்ந்து பழகிய சுவர்கள் அது இல்லாமல் நிற்குமா என்பது இன்னொரு கவலை. மணலை அகற்றுவதற்கான ஆயத்த வேலையை இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறை 2022-ல் தொடங்கியது. இதில் அவசரத்துக்கு இடமில்லை. தவறு நேர்ந்தால் திருத்திக்கொள்ள இன்னொரு கொனாரக் கிடையாது.

ஜப்பானியக் கதை ஒன்றில், சூரியதேவி அமதெராசு கோபித்துக்கொண்டு குகைக்குள் ஒளிந்துகொள்கிறாள். உலகம் இருண்டுபோகிறது. மற்றத் தெய்வங்கள் வெளியே கூத்தாடிச் சிரிக்க, வேடிக்கை பார்க்க எட்டிப் பார்க்கிறாள், வெளிச்சம் திரும்புகிறது. கொனாரக்கில் கதை தலைகீழ். சூரியன் வெளியே இருக்கிறது. குகைக்குள் அகப்பட்டிருப்பது கோயில்தான்.

பக்தர்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை. ரதசப்தமி விடியலில் சுமார் மூன்று கிலோமீட்டர் தள்ளியுள்ள சந்திரபாகா கடற்கரையில் ஆயிரக்கணக்கானோர் நீராடி, எழும் சூரியனைக் கும்பிடுகிறார்கள். கோயில் வாசலின் மேலிருந்து இறக்கப்பட்ட நவக்கிரகக் கல்லுக்கு அருகிலேயே சிறு கோயில் அமைத்து இன்றும் பூசை நடக்கிறது. அங்கே சூரியனுக்குப் பூவும் விளக்கும் உண்டு. ஒன்பது பேரில் ஒருவராக. அவருக்கென்றே கட்டிய மண்டபத்தில் மட்டும் இன்னும் விடியவில்லை.