நீலச் சுவரும் முதிய கண்களும்

வீட்டுச் சுவருக்கு நிறம் தேர்வது எளிய காரியம் என்று எண்ணுவோர், இரண்டு தலைமுறைகள் ஓர் அறையைப் பகிர்ந்துகொள்ளும் வீட்டைக் காணாதவராகவே இருத்தல் வேண்டும். வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலோரத் தண்டவாளத்துக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் இடம் அருமை. எமது வீட்டிலும் எண்பதைக் கடந்த அன்னையாரும், உயர்தர வகுப்பில் பயிலும் மகளும் ஓரறையிலேயே வாழ்கின்றனர்.

அவ்வறைக்கு ஆழ்ந்த நீலம் பூச வேண்டும் என்பது மகளின் ஆசை. மாதிரி அட்டையைக் கொண்டுவந்து காட்டினாள்.

"கறுப்புச் சுவருக்குள்ளே எப்படிப் பிள்ளை படுக்கிறது?" என்றார் அன்னையார்.

"இது கறுப்பில்லை அப்பம்மா, நீலம்!"

இரண்டு நாள் வழக்கு நடந்தது. நீலமேக வண்ணன் என்றும் கார்வண்ணன் என்றும் ஒரே திருமாலை அழைக்கும் எமது மொழியும் இவ்வழக்கைத் தீர்க்க உதவவில்லை.

உண்மையில் இருவருமே தாம் கண்டதைத்தான் கூறினர். வயது ஏற ஏறக் கண்வில்லை மஞ்சளிக்கிறது. அது நீல ஒளியைத் தடுத்துவிடும். கண்புரையும் சேர்ந்தால் ஆழ்ந்த நீலம் கறுப்பாகவே தோன்றும். பிரெஞ்சு ஓவியர் குளோட் மொனே முதுமையில் கண்புரையால் நிறங்களைப் பிரித்தறிய இயலாது வருந்தினார். 1923இல் சத்திரசிகிச்சை செய்த பின்னரோ, எல்லாம் நீலமாகத் தெரிகிறதே என்று முறையிட்டார்!

நிறத்தைவிடப் பெரிய கவலை ஒன்றும் எமக்கு இருந்தது. ஆழ்ந்த நிறம் தன்மேல் விழும் ஒளியிற் பெரும்பகுதியை விழுங்கிவிடும். நான்கு சுவர்களுக்கும் அதைப் பூசினால், இரவில் எழும் முதியவர் கதவைத் தேடித் தடுமாற நேரிடும். அந்த வயதில் ஒரு வீழ்ச்சி, படுக்கையிலே கிடத்திவிடக் கூடியது.

எனவே, கதவுள்ள சுவருக்கு மட்டும் நீலம் பூசினோம். கதவையும் அதன் நிலையையும் மின்விளக்கு ஆளியையும் வெள்ளையாகவே விட்டோம். கருமையின் நடுவே வெண்மை பளிச்சென்று தெரியுமாதலால், மங்கிய கண்ணுக்கும் அவை வழிகாட்டும். ஏனைய மூன்று சுவர்களும் முகடும் வெள்ளை. பூசுமுன் சுவரின் ஈரம் முற்றும் உலரக் காத்திருந்தோம். கடற்காற்று வீசும் இப்பகுதியில், ஈரச் சுவரில் உப்புப் பூத்தால் ஆழ்ந்த நிறத்தின்மேல் அது தேமல்போற் காட்டிக்கொடுத்துவிடும்.

இவ்வளவோடு நில்லாமல் அன்னையாரைக் கண்வைத்தியரிடமும் அழைத்துச் சென்றோம். முற்றிய கண்புரை என்றார் அவர். "இந்த வயதில் எனக்கேன்?" என்று மறுத்தவரை, பேத்தியே இணங்கவைத்தாள். சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர், சுவரை நெடுநேரம் பார்த்தார்.

"இது மயில்கழுத்து நிறமெல்லே! ஏன் பிள்ளை ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை?"

மகள் சிரித்தாளேயன்றி, வாதிடவில்லை.

முதியோர் நிறத்தை மாற்றிச் சொல்லும்போது, அதனைப் பிடிவாதம் என்று தள்ளிவிடுவது எமது வீடுகளில் வழக்கம். சேலையின் கரை, மாத்திரையின் நிறம், படியின் விளிம்பு எனப் பலவும் அவர்களுக்கு மெல்ல மறைந்துகொண்டிருக்கலாம். திருத்திச் சொல்வதோடு நின்றுவிடாமல், கண்ணையும் ஒருமுறை காட்டிவிடுதல் பிள்ளைகளின் கடமையாகும்.